தாத்தாவின் படத்தை வீட்டிலேயே அச்சிட எந்தத் தாள்?

தோட்டத்துப் பேத்தி, பாயான் லெப்பாஸ்

வணக்கம். மூன்று வாரத்தில் மூன்று பொட்டலம் தாளை வீணாக்கிவிட்டு வந்து கேட்கிறேன்.

என் தாத்தாவுக்கு இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எப்போதோ ஜார்ஜ் டவுனுக்கு வந்தபோது ஸ்டூடியோக்காரரின் கோட்டையே இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கோட்டின் கை நீளம் அவருக்குப் பொருந்தவில்லை. விரல்நுனி மட்டும் தெரியும். நாற்பது வருடமாகச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓரமெல்லாம் பூஞ்சை. வெள்ளிக்கிழமை தோறும் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் வைத்த சந்தனம் வழிந்து சட்டத்துக்குள் இறங்கி, கீழே ஒரு பழுப்புக் கறை. அடுத்த மாதம் அவருடைய நினைவு நாள். "இதைப் பார்த்தால் அப்பா அழுவது போல் இருக்கிறது, புதிதாக ஒன்று போட்டுக் கொடு" என்று அம்மா சொல்லிவிட்டார்.

வேலையிடத்துத் தோழி ஒருத்தி வீடு மாறிப் போகும்போது தன் பிரிண்டரை மலிவாகக் கொடுத்தாள். எப்சன் எல்805, புட்டியிலிருந்து ஆறு மை ஊற்றும் வகை. இயந்திரம் இருக்கிறதே, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். குளிமில் இருக்கும் அண்ணன் ஒருமுறை வந்தபோது அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கணினியில் அதில் பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டு இரவு ஆயிற்று.

முதல் பொட்டலம், இரு பக்கமும் பளபளப்பு, 200 ஜி.எஸ்.எம். கையில் பிடித்தால் கல்யாணப் பத்திரிகை போலக் கம்பீரமாக இருந்தது. அச்சிட்டு இரவு முழுவதும் காயவிட்டேன். காலையில் பசியாறிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தேன். தாத்தாவின் மீசை என் கட்டைவிரலோடு வந்துவிட்டது.

இரண்டாவது, ஒரு பக்கம் பளபளப்பு, 230. இது காய்ந்தது. ஆனால் டியூப் லைட்டில் சாம்பல் நிறமாக இருக்கும் முகம், ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் பச்சையாகிறது. கோட்டு ஒரே கறுப்புக் குட்டை. மடிப்பு, பொத்தான் எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது, மேட் தாள், 108. மை பட்டதும் அப்பளம் போல நெளிந்துவிட்டது.

கடைக்காரரைக் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான், விலைதான் வேறு" என்கிறார். எந்தத் தாள் வாங்க வேண்டும்? எவ்வளவு கனம்? பழைய படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்துச் சரியாக ஸ்கேன் செய்தால் நன்றாக வருமா? வெந்நீர் ஆவியில் காட்டினால் பிரியும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

அக்கா, இவ்வளவு கஷ்டம் எதற்கு? படத்தைப் பென்டிரைவில் போட்டுப் புகைப்பட லேப்பில் கொடுங்கள். ஏ4 அளவுக்குச் சில வெள்ளிதான் (ரிங்கிட்) கேட்பார்கள். நான் வருடா வருடம் பத்துமலையில் தைப்பூசத்துக்கு எடுக்கும் படங்களைக் காவடி எடுத்தவர்களுக்கே கொடுப்பது வழக்கம். இருநூறு முந்நூறு படம், எல்லாம் 4ஆர் (நாலுக்கு ஆறு அங்குலம்), எல்லாம் லேப்தான். அது ஒளியில் பதிந்து ரசாயனத்தில் கழுவி எடுக்கிற அசல் புகைப்படத் தாள். மை அழியுமா, ஈரம் பட்டால் கரையுமா என்ற கவலையே இல்லை.

வீட்டில்தான் செய்வேன் என்றால் இருப்பதிலேயே அதிக கனமாகப் பார்த்து வாங்குங்கள். 300க்கு மேல் இருந்தால் நல்ல தாள்.

ஹைப்போ வாசம், ஆயர் ஈத்தாம்

அம்மா, தாளைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்தப் பழைய படத்தில் கை வைக்காதீர்கள். கத்தி, ஆவி, தண்ணீர், தலைமுடி உலர்த்தும் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லிவிடுங்கள்.

நான் இந்தப் பினாங்குத் தீவில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் இருபத்தேழு வருடம் நின்றவன். ஹைப்போ என்பது படம் கழுவும் ரசாயனம்; அதன் வாசம் சட்டையைவிட்டுப் போகாது. பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலா வேலை?" என்று கேட்டார்கள். அதனால் உங்கள் படத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்காமலே சொல்வேன். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்தோல் ஜெலட்டின். மாட்டின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுப்பது. (சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது என்கிறீர்கள், இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.) ஈரம் பட்டால் ஊறும், பசையாகும். அந்தக் குணத்தை வைத்துத்தான் நாங்கள் பிழைத்தோம். கழுவிய ஈரப் படத்தைக் குரோம் பூசிய தட்டில் முகம் படும்படி வைத்து, உருளையால் அழுத்தி, சூட்டில் காயவிடுவோம். காய்ந்ததும் 'டக்' என்று தானே கழன்று விழும். முகம் கண்ணாடியாக மின்னும். கிளேசிங் என்று பெயர். உங்கள் வீட்டுச் சட்டத்துக்குள் நடந்ததும் கிளேசிங்தான். தட்டுக்குப் பதில் கண்ணாடி, சூட்டுக்குப் பதில் பினாங்கின் புழுக்கம், சில நிமிடங்களுக்குப் பதில் நாற்பது வருடம். ஒரே வித்தியாசம், இது கழன்று விழாது. இழுத்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியிலும் வெறும் தாள் உங்கள் கையிலும் இருக்கும்.

கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். சட்டத்தைச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் இரண்டு விளக்கை நாற்பத்தைந்து பாகை சாய்வில் வையுங்கள். இரண்டும் ஒரே வகை விளக்காக இருக்கட்டும். உங்கள் முகமும் கைப்பேசியும் கண்ணாடியில் தெரியாமலிருக்க ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். கருவேட்டிதான் இருக்கிறதென்றால் அதுவும் போதும், ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸ்கேனரில் வைக்கலாமே என்று தோன்றும். அச்சு, நகல், ஸ்கேன் என்று மூன்று வேலை செய்யும் மலிவு இயந்திரங்களின் ஸ்கேனர், தன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். நடுவில் இன்னொரு கண்ணாடி வந்தால் மங்கிவிடும்.

அண்ணன் அனுப்பியதை மறந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால்தான் முழுதாக வரும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 2480க்கு 3508 புள்ளிகள் தேவை. 12 மெகாபிக்சல் கைப்பேசி 3000க்கு 4000 கொடுக்கிறது. நேரே நின்று சட்டம் நிறைய எடுத்தால் சரியாக இருக்கும், பெரிதாக மிச்சமிருக்காது. அதனால் ஜூம் வேண்டாம்.

இனி தாள். உங்கள் முதல் பொட்டலத்தின் அட்டையை எடுத்து மறுபடி படியுங்கள். லேசர் பிரிண்டருக்கு என்று எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கும். இரு பக்கமும் பளபளக்கும் அந்தத் தாள் நாள்காட்டிக்கும் பத்திரிகைக்கும் போடுகிற ஆர்ட் பேப்பர் வகை. அதன் மேல் பூசியிருப்பது களிமண் போன்ற இறுகிய பூச்சு. லேசர் பொடியை அதில் உருக்கி ஒட்டலாம். தண்ணீர் மை உள்ளே இறங்க வழியில்லை. சேம்பு இலையில் விழுந்த மழைபோல மேலேயே நின்றுவிடும். மீசை கையோடு வந்தது அதனால்தான்.

இங்க்ஜெட், அதாவது உங்களுடையது போல மையைத் தெளிக்கும் பிரிண்டருக்கான புகைப்படத் தாளின் பூச்சு வேறு ஜாதி. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் கொண்ட சிலிக்கா. ஸ்பாஞ்சு மாதிரி மையை இழுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே தாள். தாளின் இரண்டு பக்கமும் மெல்லிய பாலித்தீன். ஆர்.சி. தாள் என்பது இதைத்தான். இருட்டறைத் தாளிலும் 1970களில் இது பரவியபோது எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் தாள் தண்ணீர் குடிக்காது, சீக்கிரம் காயும். வீட்டுப் பிரிண்டருக்கும் அதே நன்மை: மை எவ்வளவு விழுந்தாலும் நடுவிலுள்ள தாள் நனையாது, நெளியாது. உங்கள் மூன்றாவது பொட்டலத்தில் அந்தப் பாலித்தீன் கிடையாது. போதாக்குறைக்கு 108. அப்பளமாகாமல் என்ன செய்யும்?

தம்பி செந்தூல்காரர் கனத்தைச் சொன்னார். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். சாதாரண நகல் தாள் 80. உங்கள் முதல் பொட்டலம் 200 இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லையே! எடை பூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 230 முதல் 260 வரை உள்ள ஆர்.சி. தாள் சட்டத்துக்குப் போதும். அதற்கு மேலே போனால் தாள் வளைய மறுத்து உருளையில் சிக்கும் தொல்லைதான் மிச்சம்.

பளபளப்பா, மேட்டா? நான் அந்தக் கேள்வியைத் தாளைப் பார்த்துக் கேட்பதில்லை, படம் எங்கே இருக்கப்போகிறது என்று பார்த்துக் கேட்பேன். சாமி மேடைக்குப் பக்கத்தில் விளக்கு எரியும். முழுப் பளபளப்புத் தாளைப் போட்டு அதன் மேல் கண்ணாடியும் போட்டால் தாத்தாவின் கன்னத்தில் இரண்டு சுடர் ஆடும். மேட் தாள் கண்ணாடிக்குப் பின்னால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது, கோட்டு சாம்பலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. லஸ்டர், சேட்டின், செமி கிளாசி, சில்க் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைப்பார்கள்; குடும்பம் ஒன்றுதான். மேலே மணல் தூவியது போல நுண்ணிய சொரசொரப்பு. கறுப்பு ஆழமாக வரும், வெளிச்சம் சிதறும், கைரேகை தெரியாது. 260 ஜி.எஸ்.எம். லஸ்டர் வாங்குங்கள்.

வாங்கும்போது தாளின் வெண்மையையும் பாருங்கள். கண்ணைப் பறிக்கிற நீல வெள்ளை வேண்டாம். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற தந்திரம்தான் அது. வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும் ஒரு சாயத்தைக் கலக்கிறார்கள். வருடங்கள் போகப்போக அந்தச் சாயம் தளர்ந்து தாள் மஞ்சளடிக்கும். அது இருக்கட்டும். அந்தக் காலத்துப் படத்தின் வெள்ளை கொஞ்சம் பால் கலந்த வெள்ளை. நீல வெள்ளையில் தாத்தாவைப் போட்டால் அம்மாவுக்கு யாரோ ஒருவரைப் பார்ப்பது போல இருக்கும், காரணம் சொல்லத் தெரியாது.

பச்சை முகத்துக்கு வருகிறேன். உங்கள் இயந்திரத்தில் சாம்பல் மை கிடையாது. கறுப்போடு நீலம், சிவப்பு, மஞ்சள், வெளிர் நீலம், வெளிர் சிவப்பு எல்லாம் சேர்ந்துதான் சாம்பலைச் செய்கின்றன. ஆறு பேர் கூடித் தூக்கும் பல்லக்கு. ஒருவர் கால் தடுக்கினாலும் சாயும். டியூப் லைட்டில் நேராக நிற்பது பகல் வெளிச்சத்தில் சாயும். அதற்கு என் வைத்தியம்: சுத்தமான சாம்பலுக்கு ஆசைப்படாமல் படம் முழுக்க மிக இலேசாகப் பழுப்பு ஏற்றுங்கள். பச்சை ஒரு துளி எட்டிப் பார்த்தாலும் கண் மன்னிக்காது. பழுப்பு எவ்வளவு இருந்தாலும் 'பழைய படம்' என்று ஏற்றுக்கொள்ளும். சோதித்துப் பார்ப்பது கணினி மேசையில் அல்ல, மாட்டப்போகிற சுவரில்.

புட்டியில் இருப்பது யார் செய்த மை என்று தோழியைக் கேளுங்கள். பிரிண்டர் தன் சொந்த மையை நினைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

ஐயா, கனத்தைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேப் விஷயத்தில் நீங்கள் பதிலே சொல்லவில்லையே.

ஹைப்போ வாசம், ஆயர் ஈத்தாம்

தம்பி, லேப்பைக் குறை சொன்னால் என் சோற்றையே குறை சொன்னது போலாகும். இருநூறு 4ஆர் போடுபவருக்கு அதுதான் சரி. ஆனால் லேப் படத்தின் மேல்தோலும் ஜெலட்டின்தான். அப்படியே கண்ணாடியோடு ஒட்டி மாட்டினால் இன்னொரு நாற்பது வருடத்தில் அந்த அம்மாவின் பேத்தி இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பாள்.

எந்தப் படமானாலும் கண்ணாடி முகத்தில் படக்கூடாது. சட்டம் போடுகிறவரிடம் நடுவில் மவுண்ட் அட்டை வெட்டிப் போடச் சொல்லுங்கள். இரண்டு மில்லி மீட்டர் இடைவெளி கிடைத்தால் போதும். வீட்டு அச்சுக்குக் கண்ணாடி மிகவும் அவசியம். ஸ்பாஞ்சு என்றேனே, மையைக் குடித்த துளைகள் காற்றையும் குடித்துக்கொண்டே இருக்கும். உங்களுடையது சாய மை. காற்றிலுள்ள ஓசோனும் புகையும் வெளிச்சத்தைவிட வேகமாக அதைத் தின்னும். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் மூன்றும் இருக்கிற இடத்தில் திறந்த படம் மாட்டக் கூடாது.

அச்சிட்ட அன்றே சட்டத்தில் அடைக்கவும் வேண்டாம். தொட்டால் காய்ந்துவிட்டது போலிருக்கும். மையிலுள்ள கிளைக்கால் என்ற திரவம் ஆவியாக இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். உடனே அடைத்தால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தது போல ஒரு படலம் வரும். மேலே ஒரு நகல் தாளைப் போட்டு ஒரு நாள் வையுங்கள், தாளை மாற்றி இன்னொரு நாள்.

வகுப்பறை ஜன்னல், பிரிக்பீல்ட்ஸ்

பேத்தி அக்காவின் முதல் பொட்டலத்தைப் படித்துச் சிரித்தேன், ஏனென்றால் நான் செய்தது அதற்கு நேர் எதிர். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பரிசுச் சான்றிதழ் அழகாக வரட்டும் என்று இங்க்ஜெட் பளபளப்புத் தாளை வாங்கி அலுவலக லேசர் பிரிண்டரில் வைத்தேன். லேசரின் உள்ளே பொடியை உருக்கும் உருளை 200 டிகிரி அளவுக்குச் சூடாகும். பாலித்தீன் என்ன ஆகும்? முதல் சான்றிதழ் போனது, வரவே இல்லை. கருகிய பிளாஸ்டிக் வாடை மட்டும் வந்தது. பழுதுபார்க்க வந்தவர் அந்த உருளையைக் கழற்றிக் காட்டியபோது, நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற பையனின் பெயர் அதில் சுற்றிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் இன்றுவரை என்னை "சான்றிதழ்" என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒரு கேள்வி. எந்தப் பக்கம் அச்சிடும் பக்கம் என்று லஸ்டர் தாளில் எனக்குத் தெரிவதே இல்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

ஹைப்போ வாசம், ஆயர் ஈத்தாம்

டீச்சர், இருட்டறையில் நாங்கள் செய்ததைச் செய்யுங்கள். விரலை ஈரமாக்கித் தாளின் ஒரு மூலையை இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளுங்கள். ஒட்டிக்கொள்கிற பக்கம்தான் பூச்சு. நாங்கள் உதட்டில் வைத்துப் பார்ப்போம், ஆனால் நீங்கள் சின்னப் பிள்ளைகள் முன்னால் அதைச் செய்ய வேண்டாம்.

தோட்டத்துப் பேத்தி, பாயான் லெப்பாஸ்

ஐயா, நீங்கள் சொன்னபடியே. பொட்டலத்தின் பின்பக்கம், பட்டைக்கோடுகளுக்குக் கீழே, "லேசர்" என்று எறும்பளவு எழுத்தில் இருந்தது. என் தப்புதான்.

கருவேட்டி எங்கள் வீட்டிலும் இருந்தது. தம்பியைத் துணி பிடிக்க வைத்து, மேசை விளக்கு இரண்டு வைத்துப் பதினேழு படம் எடுத்தோம். கோட்டின் பொத்தானில் ஸ்டூடியோ ஜன்னல் தெரிகிறது! பழைய கோப்பில் அது ஒரு வெள்ளைச் சொட்டாக இருந்தது. புள்ளிகளை மறுபடி முதலிலிருந்து அழித்தேன்.

தோழியைக் கேட்டேன். கறுப்பும் வெளிர் நீலமும் பெயரில்லாத புட்டியாம், மற்றவை அசல். தலையில் அடித்துக்கொண்டேன். மை முழுவதையும் மாற்றப் பணம் இல்லை. இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

லஸ்டர் 260 கிடைத்தது, ஏ4, இருபது தாள். விலையைக் கேட்டதும் இருபது முறை அச்சிட முடியாது, ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் போட வேண்டும் என்று புரிந்துவிட்டது. அங்கேயும் சிக்கல். பிரிண்டரின் தாள் வகைப் பட்டியலில் லஸ்டர் என்றே இல்லை. 'சாதாரணத் தாள்' என்று வைத்தால் வெளிறிப் போகிறது. 'மேட்' என்று வைத்தால் கறுப்பு மறுபடி குட்டையாகிறது. இன்னொன்று, நேற்று அச்சிட்டதில் இரண்டு ஓரத்திலும் மை இழுவிக்கொண்டு வந்தது. பொட்டலத்தைச் சமையலறை ஜன்னலோரம் திறந்தபடி வைத்துவிட்டேன், இரவெல்லாம் மழை.

ஹைப்போ வாசம், ஆயர் ஈத்தாம்

பட்டியலில் இருக்கும் பெயர்கள் தாளைவிட, எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்பதற்கான பெயர்கள். உங்கள் தாளின் பெயர் இல்லையென்றால் அதன் குணத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். ஆர்.சி. லஸ்டருக்கு 'செமி கிளாசி' இருந்தால் அது, இல்லையென்றால் 'பிரீமியம் கிளாசி'. உங்கள் இரண்டாவது பொட்டலத்தில் கோட்டு குட்டையானதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்; 230ஐப் போட்டபோது என்ன வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். தாள் செய்த கம்பெனி உங்கள் பிரிண்டருக்கு ஐ.சி.சி. கோப்பு (அந்தத் தாளுக்கான நிறக் கணக்கு) கொடுத்திருந்தால் அதைப் போடலாம், ஆனால் அது அசல் மைக்குச் செய்தது. உங்கள் கலவைக்குப் பொருந்தாது. போட்டாலும் பிரிண்டரின் சொந்த நிறத் திருத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். இரண்டு சமையல்காரரும் உப்புப் போட்டால் குழம்பு என்னவாகும்?

கணினித் திரையின் வெளிச்சத்தையும் பாதிக்குக் குறையுங்கள். எரியும் திரையில் பார்த்துச் சரிசெய்த படம் தாளில் இருட்டாகத்தான் வரும்.

ஓரம் இழுவியது ஈரத்தால். காற்றின் ஈரத்தில் தாள் வளைந்து ஓரம் மேலே எழும். பிரிண்டர் தலை அதில் உரசும். வேண்டிய தாளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை உடனே உறைக்குள் போட்டு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு பிஸ்கட் டின்னில் வையுங்கள். வளைந்துவிட்ட தாளை எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்துத் தட்டையாக்கலாம். பூச்சில் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் முழுத் தாளை வீணாக்காதீர்கள். முகத்தை மட்டும் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஒரே தாளில் ஆறு: கொஞ்சம் வெளிச்சமாக, கொஞ்சம் இருட்டாக, பழுப்பு கூட்டி, குறைத்து. ஒவ்வொன்றின் கீழும் என்ன செய்தீர்கள் என்று அச்சிலேயே எழுதிவிடுங்கள். இருட்டறையில் டெஸ்ட் ஸ்டிரிப் போடாமல் ஒரு தாளைத் தொட்டால் முதலாளி சம்பளத்தில் பிடிப்பார்.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

நானும் ஒன்று சேர்க்கிறேன் அக்கா. வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லா நிறமும் உள்ள ஏதாவது ஒன்றை அச்சிடுங்கள். என்னிடமிருந்த இயந்திரம் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் மட்டும் வேலை செய்ததில் மை காய்ந்து அடைத்துக்கொண்டு செத்தது. லேப்புக்குப் போனதற்கு உண்மையான காரணம் அதுதான்.

தோட்டத்துப் பேத்தி, பாயான் லெப்பாஸ்

நேற்று மாட்டினோம்.

தீப்பெட்டிப் படங்கள் ஆறையும் சுவரில் ஒட்டி விளக்கேற்றிப் பார்த்ததில் நான்காவது நன்றாக இருந்தது. பெயரில்லாத கறுப்பு மை கொஞ்சம் சிவப்பாகச் சாய்கிறது; பழுப்பு ஏற்றியதில் அது தெரியவே இல்லை. 'பிரீமியம் கிளாசி' என்றுதான் வைத்தேன். கோட்டில் மடிப்பு தெரிகிறது, கைக்குள் ஒளிந்திருந்த விரல்நுனியில் நகம்கூடத் தெரிகிறது. மவுண்ட் அட்டைக்குக் கடைக்காரர் வெள்ளை எடுத்தார். நான் இளமஞ்சள் கேட்டு வாங்கினேன். பழைய சட்டத்தைக் கழற்றவில்லை, அப்படியே துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டோம்.

அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நெடுநேரம் நின்றார். பிறகு, "காது எங்கே?" என்றார்.

காது இருந்தது. ஆனால் தாத்தாவின் இடது காது மடலில் ஒரு பிளவு உண்டாம். சின்ன வயதில் கடுக்கன் மாட்டி இழுபட்டுக் கிழிந்ததாம். தோட்டத்தில் அதே பெயரில் மூன்று பேர் இருந்ததால் அவரைக் 'காதறுந்தவர்' என்றுதான் சொல்வார்களாம். எனக்கு நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாகத் தெரிகிறது. அந்தப் பிளவைப் பூஞ்சை என்று நினைத்து, இரண்டு முறையும், மிகக் கவனமாக, நான்தான் தைத்துவிட்டிருக்கிறேன்.

ஹைப்போ வாசம், ஆயர் ஈத்தாம்

எங்கள் ரசீதில் ஒரு மூலையில் எழுதிக்கொள்வோம்: "மச்சம் இருக்கட்டும்", அல்லது "மச்சம் வேண்டாம்". கேட்காமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. உங்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தாளைப் பற்றிப் பேசுகிற ஆர்வத்தில் விட்டுவிட்டேன்.

எத்தனை தாள் மிச்சம்?

தோட்டத்துப் பேத்தி, பாயான் லெப்பாஸ்

பதினொன்று. சுங்கை பட்டாணிச் சித்திக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, எங்களுக்கு மறுபடி ஒன்று. இன்றிரவு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.